திப்பு சுல்தானின் வாள்: தொலைக்காட்சித் தொடரும் வேலூர் மண்ணும்

'தி சுவார்டு ஆஃப் திப்பு சுல்தான்' (1990–1991) தூர்தர்ஷனில் ஒளிபரப்பான இந்தி வரலாற்றுத் தொடர். மைசூரை ஆண்ட ஹைதர் அலி, அவருடைய மகன் திப்பு சுல்தான் ஆகியோரின் வாழ்வையும் போர்களையும் 60 பகுதிகளில் கூறியது. பகவான் எஸ். கித்வானி ஆங்கிலத்தில் எழுதி 1976இல் வெளியிட்ட அதே பெயருடைய நாவலே இதன் மூலம். சஞ்சய் கான் இயக்கியதோடு திப்பு வேடத்திலும் நடித்தார். 'இராமாயணம்', 'மகாபாரதம்' தொடர்களை அடுத்து இந்திய வீடுகளில் பரவலாகப் பார்க்கப்பட்ட பெரும் தொடர்களில் ஒன்று இது. தொடரில் வரும் போர்களில் பல இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலும் அவற்றின் அண்டை ஊர்களிலும் நடந்தவை. ஆகவே இத்தொடரைத் தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற அந்த வட்டாரத்தின் வரலாற்றோடு சேர்த்து மதிப்பிட வேண்டியுள்ளது.

உருவாக்கம்

கித்வானி இந்திய அரசின் விமானப் போக்குவரத்து, சுற்றுலாத் துறைகளில் உயர் பதவி வகித்தவர். ஆங்கிலேய ஆவணங்கள் திப்புவைக் கொடுங்கோலனாகவும் மதவெறியனாகவும் சித்திரித்தன. அந்தச் சித்திரத்தை மறுப்பதே அவருடைய நாவலின் நோக்கம். போரை விரும்பாத, எல்லா மதங்களையும் மதித்த, வெள்ளையர் ஆட்சி வரப்போவதை முன்கூட்டியே உணர்ந்த மன்னராகத் திப்பு அதில் வருகிறார். தொடரும் இதே பார்வையைக் கொண்டது.

படப்பிடிப்பின்போது பெரும் துயரம் நிகழ்ந்தது. 1989 பிப்ரவரி 8 அன்று மைசூர் பிரீமியர் ஸ்டுடியோ அரங்கில் தீப்பிடித்ததில் 62 பேர் இறந்தனர். சஞ்சய் கானும் கடுமையான தீக்காயமடைந்து பல மாதங்கள் மருத்துவமனையில் இருந்தார். எழுபதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் அவர் மீண்டும் படப்பிடிப்புக்குத் திரும்பினார். இந்தியப் படப்பிடிப்புத் தளங்களில் தீப்பாதுகாப்பு எவ்வளவு அலட்சியமாக இருந்தது என்பதை நாட்டுக்குக் காட்டிய விபத்து இது. தொடரைப் பற்றிய பேச்சில் நடிகரின் மீட்சியே பெரிதாக இடம்பெறுகிறது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெயர் அறியப்படாத தொழிலாளர்களும் துணைக் கலைஞர்களும் ஆவர். அவர்கள் அந்தப் பேச்சில் அரிதாகவே வருகின்றனர். ஒருவரை முன்னிறுத்திப் பலரை மறைக்கும் இப்போக்கு தொடரின் கதையிலும் உண்டு.

கதைப்போக்கு

தொடர் திப்புவோடு தொடங்கவில்லை. மைசூர்ப் படையில் சாதாரண நிலையில் சேர்ந்த ஹைதர் அலி படிப்படியாக உயர்ந்து நாட்டின் உண்மையான ஆட்சியாளராவதற்கு நீண்ட இடம் தருகிறது. ஹைதராக ஷாபாஸ் கான் நடித்தார். திப்புவின் பிறப்பு, கல்வி, இளமைப் போர்கள், அரியணை ஏற்றம், ஆங்கிலேயர், மராத்தியர், நிஜாம் ஆகியோருடனான பகை, மீர் சாதிக்கின் துரோகம், சீரங்கப்பட்டண முற்றுகை என்று கதை வளர்கிறது. 1799 மே 4 அன்று கோட்டை வாயிலருகே திப்பு போரிட்டு மடிவதே முடிவு.

வட்டாரத் தொடர்பு கதையின் தொடக்கத்திலேயே உண்டு. ஆற்காட்டில் அடக்கமான திப்பு மஸ்தான் அவுலியா என்ற இறைநேசரின் பெயரே குழந்தைக்கு இடப்பட்டது. மைசூர்ப் புலியின் பெயர் பாலாற்றங்கரையிலிருந்து சென்றது என்பதை ஆற்காட்டுப் பக்கத்தினர் இன்றும் பெருமையாகச் சொல்வர்.

தொடரின் சிறப்புகள்

முதல் சிறப்பு, ஹைதரின் சித்திரிப்பு. எழுத்தறிவில்லாத ஒரு படைவீரர் தம் நினைவாற்றலாலும் ஆளை எடைபோடும் திறனாலும் ஒரு நாட்டைக் கைக்கொள்வதைத் தொடர் பொறுமையாகக் காட்டுகிறது. ஷாபாஸ் கானின் கனத்த குரலும் நிதானமான உடல்மொழியும் பாத்திரத்துக்குப் பொருந்தின. வாளை உயர்த்தும் காட்சிகளைவிட அவர் எதிராளி பேசுவதைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் காட்சிகளே வலுவானவை.

இரண்டாவது, மொழி. உரையாடல்கள் உருதுச் சாயல் மிகுந்த இந்துஸ்தானியில் அமைந்தன. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அக்காலத் தூர்தர்ஷன் இந்தித் தொடர்கள் படத்தை மட்டும் பார்த்துக் கதையை ஊகிக்க வேண்டியவையாக இருந்தன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு போன்ற ஊர்களில் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்கள் வீட்டில் பேசும் தக்கினி உருது தொடரின் அரசவை உருது அன்று. ஆயினும் சொல்லுக்குச் சொல் புரியக்கூடியது. தமிழ்நாட்டில் இத்தொடருக்கு மொழித் தடை குறைவாக இருந்த பகுதி இதுவே எனலாம்.

மூன்றாவது, இசை. நௌஷாத்தின் இசை காட்சியை உந்தித் தள்ளுவதில்லை. சொல் முடிந்த இடத்தில் வந்து நிற்கிறது. பிற்காலத் தொலைக்காட்சி வரலாற்றுத் தொடர்களில் ஒவ்வொரு முகபாவத்துக்கும் முரசு அதிர்வதை ஒப்பிட்டால் இதன் அடக்கம் விளங்கும்.

நான்காவது, காலத்தின் தேவை. ஆங்கிலேயர் எழுதிய வரலாற்றில் வில்லனாக மட்டும் இருந்த ஒருவரை மனிதராக மறுபடி காட்ட முயன்றது ஒரு முக்கியமான பணி. பாடநூலில் இரண்டு பத்தியாக இருந்த மைசூர்ப் போர்கள் இத்தொடரால் பொதுப்பேச்சுக்கு வந்தன.

வாளும் வெடிகணையும்

தொடரின் குறை அதன் பெயரிலேயே தொடங்குகிறது. திப்புவின் வலிமை வாள் அன்று. மைசூர்ப் படை ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற காலாட்படை, வார்ப்படச் சாலைகள், வேகமான குதிரைப்படை, சிறந்த மாட்டு வண்டித் தொடர், இரும்புக் குழாயில் மருந்து அடைத்த வெடிகணைகள் ஆகியவற்றால் வென்றது. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த போர் இதற்குச் சான்று. கர்னல் பெய்லியின் தலைமையில் வந்த ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கம்பெனிப் படை அங்கே அழிந்தது. வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தது போரின் போக்கை முடிவு செய்தது. இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை சந்தித்த மிகப்பெரிய தோல்விகளில் ஒன்று இது.

திப்புவே இப்போரை ஓவியமாக்கச் செய்தார். சீரங்கப்பட்டணத்தில் 1784இல் கட்டப்பட்ட தரியா தௌலத் மாளிகைச் சுவரில் அது இன்றும் உள்ளது. ஹைதரும் திப்புவும் அதில் இடம்பெற்றாலும், சுவரை நிரப்புவது வரிசை வரிசையாக நிற்கும் வீரர்களும் குதிரைகளும் பீரங்கிகளும். நடுவே சதுர வியூகத்தில் சிக்கிய பெய்லியின் படை, பல்லக்கில் பெய்லி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி. போர் என்பது பெருங்கூட்டத்தின் செயல் என்பதை அந்த ஓவியர்கள் அறிந்திருந்தனர். தொடரோ போரை இரு வாள்களின் மோதலாகவும் ஒரு தலைவனின் முழக்கமாகவும் சுருக்கிவிடுகிறது. செலவும் அரங்க வசதியும் இதற்கு ஒரு காரணம். ஆனால் வாளே வரலாறு என்ற எண்ணமும் இதில் கலந்துள்ளது.

வாளின் மீதான இந்த மயக்கம் தொலைக்காட்சியோடு நிற்கவில்லை. திப்புவின் படுக்கையறையில் கிடைத்ததாகக் கூறப்படும் வாள் 2023 மே மாதம் இலண்டனில் ஏறத்தாழ 1.4 கோடி பவுண்டுக்கு ஏலம் போயிற்று. இந்திய நாளிதழ்கள் பலவும் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. புள்ளலூரில் மடிந்த வீரர்களுக்காக எழுப்பப்பட்ட நினைவுத் தூண்களைப் பார்க்க வருவோர் இன்றும் மிகச் சிலரே.

'கற்பனை' என்ற அறிவிப்பு

தொடர் ஒளிபரப்பாகும் முன்பே எதிர்ப்பு எழுந்தது. மலபாரிலும் குடகிலும் திப்புவின் படையெடுப்புகள் விளைத்த கொலை, கட்டாய மதமாற்றம், நாடுகடத்தல் ஆகியவற்றைத் தொடர் மறைக்கிறது என்பது குற்றச்சாட்டு. வழக்குகளும் தொடர்ந்தன. முடிவில், இத்தொடர் கற்பனை என்றும் திப்புவின் உண்மை வாழ்க்கையோடு தொடர்பற்றது என்றும் நாவலின் நாடக வடிவமே என்றும் பொருள்படும் அறிவிப்பு ஒவ்வொரு பகுதியோடும் காட்டப்பட்டது.

இது விசித்திரமான தீர்வு. வரலாற்றுச் சண்டைத் தொடர்களில் உலகப் புகழ்பெற்ற சீனத்து வூசியா வகையோடு ஒப்பிட்டால் இதன் சிக்கல் தெளிவாகும். வூசியா என்பது வாள்வித்தை அறிந்த அறவீரர்களின் கதை. ஜின் யோங் 1957 முதல் 1959 வரை ஹாங்காங் நாளிதழில் எழுதிய, கழுகு வீரர்களைப் பற்றிய நாவல் இவ்வகையின் பெருநூல். 1983இல் ஹாங்காங்கிலும் பின்னர்ச் சீனாவிலும் பலமுறை தொலைக்காட்சித் தொடராக வந்தது. அதன் நாயகன் குவோ ஜிங் கற்பனைப் பாத்திரம். அவனைச் சுற்றியுள்ள செங்கிஸ்கான் வரலாற்று மனிதர். தொடர்ச்சி நாவல்களில் குவோ ஜிங் சியாங்யாங் நகரை மங்கோலியரிடமிருந்து காத்து நிற்கிறான். அந்நகரம் 1273இல் வீழ்ந்தது வரலாறு. நாயகன் கற்பனை, தோல்வி உண்மை என்பது வாசகருக்குத் தொடக்கத்திலேயே தெரியும். எனவே அவன் எவ்வளவு உயரம் தாவினாலும் யாரும் வழக்குத் தொடுப்பதில்லை.

தமிழில் கல்கி கையாண்ட வழியும் இதற்கு நெருக்கமானது. 'சிவகாமியின் சபத'த்தில் மகேந்திரவர்மரும் நரசிம்மவர்மரும் உண்மை மனிதர்கள். ஆயனரும் சிவகாமியும் கற்பனை. 'பொன்னியின் செல்வ'னில் ஆழ்வார்க்கடியானும் நந்தினியும் கற்பனை. காட்பாடிக்கு அருகிலுள்ள திருவல்லத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் வந்தியத்தேவன் கல்வெட்டில் பெயர் மட்டும் கிடைக்கும் வரலாற்று மனிதன். அவனுடைய குறும்பும் காதலும் கல்கி தந்தவை. வரலாறு மௌனமாக இருக்கும் இடத்தில் கற்பனை புகுகிறது.

திப்பு தொடரில் நிலைமை வேறு. நாயகன் உண்மை, நாள்கள் உண்மை, ஊர்கள் உண்மை. அவர் நற்குணங்களின் முழு உருவம் என்பதே கற்பனை. வரலாறு பேசும் இடத்தில் கற்பனை அதன் வாயை மூடுகிறது. திப்பு சிருங்கேரி மடத்துக்கு உதவியதும் உண்மை, குடகிலும் மலபாரிலும் நடந்த கொடுமைகளும் உண்மை. இரண்டையும் ஒரே மனிதரிடம் காட்டுவதுதான் நாடகத்தின் வேலை. தொடர் ஒன்றை மட்டும் காட்டியது. எதிர்த்தவர்கள் மற்றொன்றை மட்டும் காட்டக் கோரினர். அறிவிப்போ இரண்டையும் 'கற்பனை' என்று கழித்துவிட்டது. சீரங்கப்பட்டணம் வீழ்ந்ததும் அந்த அறிவிப்பின்படி கற்பனைதான். பார்வையாளர் எதைச் சரிபார்க்க வேண்டும் என்ற கேள்வியே அதனால் இல்லாமற் போயிற்று.

பாலாற்றங்கரையில் மைசூர்ப் போர்கள்

சரிபார்க்க விரும்புவோருக்கு ஆம்பூரும் வேலூரும் நல்ல இடங்கள். திப்பு பிறப்பதற்கு முன்பே ஆம்பூர்க் கணவாய் தென்னிந்திய அரசியலைத் திருப்பியது. 1749 ஆகஸ்டு 3 அன்று அங்கு நடந்த போரில் ஆற்காட்டு நவாப் அன்வருதீன் கான் கொல்லப்பட்டார். வென்றவர்கள் சந்தா சாகிப், முசாபர் ஜங், அவர்களுக்குத் துணைவந்த பிரெஞ்சுப் படையினர். நவாபின் மகன் முகமது அலி திருச்சிராப்பள்ளிக்குத் தப்பி ஆங்கிலேயரின் உதவியை நாடினார். கம்பெனி வணிகத்திலிருந்து ஆட்சிக்கு நகர்ந்ததில் அதன்பின் நடந்த கருநாடகப் போருக்குப் பெரும் பங்குண்டு.

முதல் மைசூர்ப் போரில் ஹைதர் 1767 நவம்பரில் ஆம்பூரை முற்றுகையிட்டார். ஊரும் கீழ்க்கோட்டையும் அவர் வசமாயின. மலைமேல் இருந்த கோட்டையைக் கேப்டன் கால்வர்ட்டின் கீழிருந்த சிறு படை காத்தது. அதில் பெரும்பான்மையோர் மதராஸ் சிப்பாய்கள். டிசம்பரில் கர்னல் ஸ்மித்தின் படை வந்ததும் ஹைதர் விலகி வாணியம்பாடிப் பக்கம் சென்றார். அங்கும் மோதல் நடந்தது. ஆம்பூரைக் காத்ததற்காக அந்தச் சிப்பாய்ப் பட்டாளத்துக்கு 'ஆம்பூர்' என்ற பெயரே போர் விருதாகக் கிடைத்தது. மலைமேல் இருந்தவர்களும் கீழே முற்றுகையிட்டவர்களும் பெரும்பாலும் தென்னிந்தியக் கிராமத்தவரே. 'நம்மவர் எதிர் வெள்ளையர்' என்ற தொடரின் எளிய கோட்டுக்குள் ஆம்பூர் மலை அடங்குவதில்லை.

இரண்டாம் மைசூர்ப் போர் இன்னும் கொடியது. 1780இல் கணவாய்கள் வழியாக இறங்கிய ஹைதரின் படை ஆற்காட்டைக் கைப்பற்றி வேலூர்க் கோட்டையைச் சூழ்ந்தது. கோட்டைக்குள் உணவு தீரும் நிலை வந்தது. சர் அயர் கூட் இருமுறை முயன்று தானியம் கொண்டு சேர்த்தார். 1781 செப்டம்பரில் சோளிங்கரில் போர் நடந்தது. 1782 டிசம்பர் 7 அன்று சித்தூருக்கு அருகே முகாமிட்டிருந்தபோது ஹைதர் நோயால் இறந்தார். அந்த ஆண்டுகளில் ஆற்காட்டுச் சீமையின் ஊர்கள் எரிந்தன, ஏரிகள் பராமரிப்பின்றிப் போயின, மக்கள் பஞ்சத்தில் சிதறினர். எட்மண்ட் பர்க் 1785இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் ஆற்காட்டு நவாபின் கடன்கள் குறித்துப் பேசியபோது இந்த அழிவை விரிவாக எடுத்துரைத்தார். அழிவைச் செய்தது ஹைதரின் படை. அதற்கு வழி திறந்தது நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த கம்பெனி ஊழியர்களின் பேராசை என்பது அவருடைய வாதம்.

தமிழ் நினைவிலும் ஹைதர் இருமுகம் கொண்டவர். வேலு நாச்சியாருக்கு அடைக்கலமும் படையும் தந்தவர். வட ஆற்காட்டில் குதிரைப்படையால் வயல்களை அழித்தவர். மிகப் பழையது என்பதைச் சொல்ல 'ஐதர் காலத்து' என்று இன்றும் பேச்சில் வருகிறது. ஒரு காலம் முழுவதையும் குறிக்கும் சொல்லாக அவர் பெயர் நிலைத்துவிட்டது.

1792இல் மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்ததும் திப்பு நாட்டில் பாதியையும் 3.30 கோடி ரூபாயையும் இழந்தார். இரு மகன்களைப் பிணையாகத் தந்தார். பிள்ளைகளைப் பிரியும் காட்சி எந்த நாடகத்துக்கும் உகந்தது. ஆங்கிலேய ஓவியர்களும் அதைப் பலமுறை வரைந்தனர். ஆனால் பாதி நாடு என்பதன் பொருள் வேறு. அதில் பாராமகாலும் ஒன்று. அலெக்சாண்டர் ரீடு திருப்பத்தூரில் இருந்துகொண்டு அங்கு நிலவரி ஏற்பாட்டை நடத்தினார். அவருக்குத் துணையாக இருந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னர் மதராஸ் மாகாணத்தில் பரவிய ரயத்துவாரி முறையின் தொடக்கம் அங்குதான். வாளின் கதை முடிந்த ஊரில் வரிக்கணக்கின் கதை தொடங்கியது. குடியானவருக்கு நீண்டகாலம் உறைத்தது இரண்டாவதே.

வேலூர், 1806

திப்புவின் மரணத்தோடு தொடர் முடிகிறது. வேலூரில் கதை அங்கேதான் தொடங்குகிறது. சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்புவின் மகன்கள் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். அரண்மனைப் பெண்களும் பின்னர் அனுப்பப்பட்டனர். கோட்டைக்குள் ஹைதர் மகால், திப்பு மகால் என்று அழைக்கப்படும் கட்டடங்கள் இன்றும் உள்ளன.

1805 நவம்பரில் மதராஸ் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்கின் காலத்தில் புதிய ஒழுங்குகள் வந்தன. நெற்றிக் குறி கூடாது, காதணி கூடாது, தாடி மழிக்க வேண்டும், புதிய வட்டத் தலைப்பாகை அணிய வேண்டும். அந்தத் தலைப்பாகையில் தோலாலான குஞ்சம் இருந்தது. மாட்டுத்தோலோ பன்றித்தோலோ என்ற ஐயம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருசேர உறுத்தியது. 1806 மே மாதம் வேலூரில் மறுத்த சிப்பாய்கள் தண்டிக்கப்பட்டனர். அவர்களில் இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு.

ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவரின் திருமணம். 10ஆம் நாள் விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டைத் தளபதி கர்னல் பான்கோர்ட் கொல்லப்பட்டார். 69ஆம் படைப்பிரிவைச் சேர்ந்தவர் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் மடிந்தனர். மைசூரின் புலிக்கொடி ஏறியது. ஆனால் இளவரசர்கள் களத்தில் இறங்கித் தலைமை ஏற்கவில்லை. ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லஸ்பி குதிரைப்படையோடு விரைந்து வந்து சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டார். ஏறத்தாழ 350 சிப்பாய்கள் கொல்லப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. ஒரு நூறு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். எழுந்த படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். 1857க்கு அரை நூற்றாண்டு முன்பு நடந்தது இது.

இந்த நிகழ்வில் தொடர் கற்பித்த எதுவும் பொருந்துவதில்லை. இங்கே பெயர்பெற்ற வாள் இல்லை. தலைவன் வர மறுத்த இடத்தில் தலைவனில்லாமல் போர் நடந்தது. இறந்த மன்னனின் கொடியை அவன் குடிமக்களாக இருந்திராத தமிழ்நாட்டுச் சிப்பாய்கள் ஏற்றினர். அவர்களில் பலருடைய பட்டாளங்கள் அதற்கு முன் மைசூரை எதிர்த்தே போரிட்டவை. ஆம்பூர் மலையில் ஹைதரைத் தடுத்த அதே மதராஸ் படை, 39 ஆண்டுகள் கழித்து வேலூரில் ஹைதர் வம்சத்தின் கொடியைத் தூக்கியது. இந்த மாற்றம் ஏன் நேர்ந்தது என்பதே இப்பகுதி வரலாற்றின் பெரிய நாடகக் கேள்வி. அதைக் கேட்கும் தொடர் இன்னும் வரவில்லை.

தோல் என்னும் சிக்கல்

1806ஐ மட்டும் எடுத்துத் தொடராக்கினாலும் ஒரு கண்ணி காத்திருக்கிறது. தோல் குஞ்சத்தின் மீதான அருவருப்பைச் சமய உணர்வு என்று மட்டும் எழுதுவது எளிது. அதில் சாதியும் இருந்தது. தோலைத் தொடுபவர் தாழ்ந்தவர் என்ற எண்ணம் இல்லாவிட்டால் இந்துச் சிப்பாய்க்கு அந்தக் குஞ்சம் அவ்வளவு இழிவாகப் பட்டிருக்காது. கோட்டையைச் சுற்றியுள்ள இதே வட்டாரம் பிற்காலத்தில் நாட்டின் முக்கியமான தோல் பதனிடும் பகுதியாயிற்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் காலணியும் தோலும் பல நாடுகளுக்குச் செல்கின்றன. முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் நடத்திய தொழிற்கூடங்களில் தலித் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்தனர். சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டுத் தோலை உரித்தெடுத்த அவர்களுக்குத் தோல் என்பது கூலி. அதே தோல் அவர்கள் மீது சுமத்தப்பட்ட இழிவும் ஆகும்.

எனவே வேலூர் எழுச்சியை இன்று நாடகமாக்குவோர், 'தோலை அணியச் சொன்னார்கள், கொதித்தெழுந்தார்கள்' என்ற ஒரு வரியோடு நிறுத்த முடியாது. கட்டாயத்தை எதிர்த்த சிப்பாயின் நியாயமும், தோலோடு வாழ்பவரை ஒதுக்கிய சமூகத்தின் அநியாயமும் ஒரே காட்சியில் நிற்க வேண்டும். சம்பளம், பதவி உயர்வு, கசையடி, அதிகாரிகளின் அவமதிப்பு ஆகிய காரணங்களும் எழுச்சிக்கு உண்டு. திப்புவை மாசற்றவராக்கிய அதே தவறு சிப்பாய்களை மாசற்றவர்களாக்கும்போதும் நேரும்.

பெண்களின் இடம்

தொடரில் பெண்கள் தாயாகவும் மனைவியாகவும் வழியனுப்பி, காத்திருந்து, அழுகின்றனர். வேலூரில் அவர்களுடைய வாழ்வு நீண்டது. கோட்டையிலிருந்து சிறிது தொலைவில் திப்பு குடும்பத்தினரின் கல்லறைகள் உள்ளன. ஹைதரின் மனைவி பக்ஷி பேகம் 1806இல் இறந்து அங்கு அடக்கமானார். திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834இல் இறந்தார். கணவர் மடிந்த பிறகு 35 ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர். ஆண்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிய பிறகும் அவர் கல்லறை வேலூரிலேயே உள்ளது. ஓர் அரச குடும்பம் கைதிகளாக எப்படிக் காலம் தள்ளியது, எவரிடம் கணக்குக் கேட்டு எவ்வளவு படிச்செலவு பெற்றது, யாரோடு பேச அனுமதிக்கப்பட்டது என்பவை வாட்போரைவிடக் குறைந்த நாடகமுள்ளவை அல்ல.

மதிப்பீடு

'திப்பு சுல்தானின் வாள்' அக்காலத் தொலைக்காட்சியின் எல்லைக்குள் நேர்மையான உழைப்பு. ஆங்கிலேயப் பார்வையை மாற்றிப் பார்க்கத் தூண்டியது, ஹைதரை முழுமையான பாத்திரமாக்கியது, நல்ல இசையும் மொழியும் தந்தது ஆகியவை அதன் நிலையான பயன்கள். ஆனால் ஒரு பழிச் சித்திரத்தை அழித்து அதே இடத்தில் ஒரு புகழ்ச் சித்திரத்தை வைத்ததோடு அது நின்றுவிட்டது. இரண்டு சித்திரங்களிலும் போர்களைச் சுமந்த மக்கள் இல்லை.

இது மைசூருக்கு மட்டுமான குறை அன்று. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் அதே 1799ஆம் ஆண்டு அக்டோபரில்தான். தமிழிலும் அக்காலத்தைப் பற்றிய வெகுமக்கள் கதைகள் பெரும்பாலும் வீரன் முழங்கி மடிவதோடு முடிகின்றன. மருது சகோதரர்கள் 1801, வேலூர் 1806 என்று தொடரும் எதிர்ப்பு, தனித்தனி வீரக்கதைகளாகத் துண்டுபடுவதால் அதன் தொடர்ச்சி தெரிவதில்லை.

மாணவர்கள் இத்தொடரைப் பார்ப்பது பயனுள்ளதே. பார்த்த பிறகு மூன்று இடங்களுக்குச் செல்வது இன்னும் பயனுள்ளது. ஆம்பூரின் மலை, வேலூர்க் கோட்டையின் உட்பகுதி, திப்பு குடும்பத்தின் கல்லறைகள். பேருந்தில் ஒரே நாளில் பார்த்துவிடக்கூடிய தூரம். மலை, யார் யாருக்கு எதிராக நின்றார்கள் என்ற கேள்வியைத் தரும். கோட்டை, தலைவன் இல்லாதபோது சாதாரண மனிதர் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லும். கல்லறைகள், வாள் கைமாறிய பிறகும் வாழ வேண்டியிருந்தவர்களை நினைவூட்டும். இக்கேள்விகளோடு மறுமுறை பார்த்தால் தொடரின் நல்ல காட்சிகள் எவை, வெறும் முழக்கம் எது என்பது தானே பிரிந்துவிடும்.